கோணிப்பைக்கு வந்த முத்திரை

பெரிய கம்பெனிகளில் 'பசுமை' என்றால் ஜூன் 5-ல் மரக்கன்று, காகிதமில்லாத சம்பளச் சீட்டு. பெங்களூரின் உலர்கழிவு மையங்களில் கதை வேறு. தகரக் கூரை, எடை மெஷின், குப்பையைப் பிரிக்கும் நாலைந்து பெண்கள். நடத்துபவர்? பல மையங்களில், ஒரு காலத்தில் தெருத்தெருவாகக் கோணியோடு குப்பை பொறுக்கியவர்தான்.

2011-ல் மாநகராட்சி இவர்களுக்கு அடையாள அட்டை தரத் தொடங்கியது. விடியற்காலையில் கோணியோடு போகிறவரைத் திருடன் என்று மடக்குகிற ஊரில் அந்த முத்திரையின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. இதற்காக உழைத்தது 'ஹசிரு தளா' - பசுமைப் படை. 2012-ல் மாவள்ளிபுரா குப்பைமேடு மூடப்பட்டு நகரமே நாறியபோதுதான், பிரிக்கத் தெரிந்த கைகளின் அருமை புரிந்தது. அந்த அக்டோபரில் வீட்டிலேயே தரம் பிரிப்பது கட்டாயமானது. 2016-ன் மத்திய விதிகளிலும் குப்பை பொறுக்குவோருக்கு இடம் கிடைத்தது.

மரியாதை வந்தது, காசு அவ்வளவாக வரவில்லை. பழைய பிளாஸ்டிக் விலை சரிந்தால் மையத்தின் வருமானமும் சரியும். பிரிக்கும் பெண்களுக்குக் கூலியை மட்டும் நிறுத்த முடியாது. பிஸ்கட் உறைகளை வாங்க ஆளில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். நாப்கினைக் காகிதத்தில் சுற்றாமல் போடுகிற (படித்தவர்களின்) வீடுகளும் உண்டு. அதைத் தொடுவது யாருடைய விரல்கள்? கையுறையின் அவசியம் மையம் நடத்துபவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், அவரே பொறுக்கியவர். வாங்கப் பணம் வேண்டுமே!

ஹசிரு தளா இன்னோவேஷன்ஸ் நிறுவனம் அபார்ட்மென்ட்களிடம் சேவைக் கட்டணம் பேசி, வேலையை இவர்களிடமே தருகிறது. அந்தக் கட்டணம் பழைய பிளாஸ்டிக்கின் சந்தை விலையைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை.