புன்னாலைக்கட்டுவன் தாண்டியாச்சு

யாழ்ப்பாணத்துக்கு வெளிநாட்டுச் சொந்தக்காரர் வருகிற விதம் எவ்வளவோ மாறிவிட்டது. அவர்கள் வந்து சேருவதற்கு முதல் வீட்டுக்குள் நடக்கிற கலவரம் மட்டும் அப்படியே இருக்கிறது. முந்தி ஒரு கடிதம் வருமாம். பிறகு கட்டுநாயக்காவில் இறங்கி, வான் பிடித்து, ஏ9 வழியாக இரவிரவாக ஓடி விடியப்புறம் வந்து இறங்குவினமாம். வீட்டுக்காரருக்கு ஒரு முழு இரவு கையில் இருந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்ததோடு அந்த இரவும் போய்விட்டது. கொரோனாவுக்குப் பிறகு 2022 டிசம்பரில் சென்னை விமானம் மறுபடி ஓடத் தொடங்க, பெரியம்மா ஆக்களும் அந்த வழிக்கு மாறிவிட்டினம். இப்போது வட்ஸ்அப்பில் முதலில் "இறங்கியாச்சு" என்று வரும். கொஞ்ச நேரத்தில் "புன்னாலைக்கட்டுவன் தாண்டியாச்சு". அங்கிருந்து கோண்டாவிலுக்குக் கால் மணித்தியாலம்கூட இல்லை.

வருகிற திகதி ஒரு மாதமாகத் தெரியும், அதுதான் பகிடி. நல்லூர்க் கொடியேற்றத்தை ஒட்டித்தான் எப்போதும் வருவினம். என்றாலும் அந்தக் கால் மணித்தியாலத்தில்தான் ஒட்டறை கண்ணில் படும், பாத்றூம் வாளிக்குள் பாசி தெரியும், சோகேஸ் கண்ணாடியில் யாரோ கைவைத்த அடையாளம் தெரியும். அம்மா குசினிக்குள் நின்றபடியே "கெதியாக் கூட்டுங்கோ பிள்ளையள், வந்திட்டினம்" என்று கத்துவா. பிள்ளையள் என்றால் நாங்கள் இரண்டு பேரும்தான். தம்பியும் பிள்ளைதான், ஆனால் அவனுக்குச் சோடாவும் தண்ணிப் போத்தலும் வாங்கிவருகிற வேலை. கடை ஐந்நூறு மீற்றர். அவன் திரும்பி வர விருந்தாளிகளும் வந்திருப்பினம். வாசலில் சிரித்துக்கொண்டு சூட்கேஸ் தூக்குகிறவன் அவன். உள்ளே வியர்த்து, தலை இழுக்காமல், தும்புத்தடியோடு பிடிபடுவது நாங்கள். இதைப் பற்றி இந்தப் பக்கத்திலேயே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம், இப்போது விடுவோம்.

வீட்டைத் துப்பரவாக்குவது இங்கே நிலத்தோடும் நடக்கிற சண்டை. கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் செம்மண். வெள்ளை ரைல்ஸ் போட்ட ஹோலில் ஒருவர் செருப்போடு நாலு அடி வைத்தால் போதும், துடைத்து முடிந்த நிலத்தைத் திரும்பத் துடைக்க வேண்டும். ரைல்ஸ் ரொறன்ரோக் காசில் போட்டது, மண் எங்களுடையது. அடுத்தது தண்ணி. குடாநாட்டுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணியில் அது கரைந்து வருகிறது. கேத்திலின் அடியில், பைப்பின் வாயில், ஷவரின் ஓட்டைகளில் வெள்ளையாகப் படிந்து கல்லாகிவிடும். சவர்க்காரம் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. புளிப்பு வேணும். தேசிக்காய்ப் பாதியோ வினாகிரியோ பூசி, அது மெல்ல நுரைத்து அடங்கும் வரைக்கும் பொறுமையாக இருந்தால் கழன்று வரும். பள்ளிக்கூடத்தில் கல்சியம் காபனேற்றும் அமிலமும் படித்தது இதுக்குத்தான் போல. ஆனால் அந்த நுரை அடங்குகிற நேரம் புன்னாலைக்கட்டுவனுக்கும் கோண்டாவிலுக்கும் இடையில் கிடைப்பதில்லை.

இவ்வளவும் எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். எங்கள் வீட்டில் இன்னொரு வேலையும் இருக்கிறது. நாங்கள் அந்த வீட்டில் இருக்கிற அடையாளத்தை எடுக்க வேண்டும்.

வீடு பெரியம்மாவுடையது. அம்மம்மா மூத்த மகளுக்கு எழுதின சீதன வீடு. 1707இல் ஒல்லாந்தர் எழுதி வைத்த தேசவழமை இன்றைக்கும் எங்கள் உறுதிகளுக்குள் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறது. அம்மாவுக்கும் சீதனம் உண்டு. அது பலாலிப் பக்கம் அம்மப்பாவின் வழியில் வந்த காணி. 1990இல் அந்தப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்தது. பிறகு காணி உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. 2015க்குப் பிறகு துண்டு துண்டாக விட்ட காணிகளில் எங்களுடையது இல்லை. அம்மாவின் கலியாணத்துக்கு அந்தக் காணியைக் கடதாசியில்தான் கொடுத்தவை, அவ அதை மிதித்ததில்லை. பெரியம்மா வருகிற விமானம் இறங்குகிற இடத்துக்குக் கிட்டத்தான் அது கிடக்கிறது. விமானத்தின் யன்னலால் பார்த்தால் தெரியக்கூடும். கேட்டுப் பார்த்ததில்லை.

அதால் பெரியம்மாவின் வீட்டை நாங்கள் "பார்த்துக்கொள்கிறோம்". இருபது வருசத்துக்கு மேலாகப் பார்த்துக்கொள்கிறோம். நாங்கள் இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொள்கிறோம்! வாடகை இல்லை. யாரும் ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதும் இல்லை. ஆனாலும் ஓகஸ்ட் வந்தால் ஏசி பூட்டின முன்னறையில் இருந்து எங்கள் மேசையும் கொப்பிகளும் வெளியே போகும். அலுமாரியில் இருந்து எங்கள் உடுப்புகள் போகும். சுவரில் ஒட்டின நேரசூசியை, கம்பசில் எடுத்த படங்களை, ஒட்டின அடையாளம் தெரியாமல் கழற்ற வேண்டும். சோகேசில் எங்கள் பரிசுக் கிண்ணங்கள் பின்னுக்குப் போக, அவை அனுப்பின கண்ணாடிக் கோப்பைகள் முன்னுக்கு வரும். வீட்டைப் பெரியம்மா விட்டுவிட்டுப் போனமாதிரி ஆக்கிவிட்டுத்தான் அம்மா மூச்சு விடுவா.

எடுத்த எல்லாம் எங்கே போகும்? குசினிக்குப் பக்கத்தில் முந்தி நெல்லு மூட்டை அடுக்கின சின்னறை ஒன்று இருக்கிறது. லப்ரொப், நுளம்பு வலை, சொப்பிங் பைக்குள் திணித்த உடுப்பு, அப்பாவின் மருந்துப் பெட்டி, தம்பியின் கிறிக்கற் பட், கால் உடைந்த கதிரை எல்லாம் அதுக்குள்தான். கதவைச் சாத்த ஒருவர் தோளால் தள்ள வேண்டும், மற்றவர் கொண்டியைப் போட வேண்டும். ஒரு மாதத்துக்கு நாங்களும் இரவில் அதுக்கு முன்னால்தான் பாய் போட்டுப் படுப்போம்.

வீட்டைக் கூட்டுவதில் அம்மாவுக்கு இருக்கிற வெறி அம்மம்மாவிடமிருந்து வந்தது. 1995 ஒக்டோபர் 30, வலிகாமம் முழுக்க வெளிக்கிட்ட அந்த இரவு, சனம் நாவற்குழிப் பாலத்தில் அடியடியாக நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அம்மம்மா குசினியைக் கழுவிக்கொண்டு நின்றாவாம். சட்டிபானையைக் கவிழ்த்து, முற்றத்தைக் கூட்டி, சாமியறையில் விளக்கை நூர்த்து, எல்லா யன்னலையும் கொழுவிவிட்டுத்தான் படலையைத் தாண்டினாவாம். அம்மாவுக்கு அப்போது இருபது வயது. சைக்கிளைப் பிடித்தபடி ஒழுங்கையில் நின்று "ஆர் வரப்போகினம் எண்டு உதைக் கூட்டுறியள்" என்று அழுதாவாம். "ஆர் வந்தாலும் குப்பை வீடு எண்டு சொல்லப்படாது" என்றாவாம் அம்மம்மா. அடுத்த வருசம் மீசாலையிலிருந்து திரும்பி வந்தபோது கதவு நிலைகூட இருக்கவில்லை. இந்தக் கதையை அம்மா சிரித்துச் சிரித்துத்தான் சொல்லுவா. அதே அம்மாதான் இப்போது வாசலில் வான் சத்தம் கேட்கக் கேட்கத் திரைச்சீலையின் மடிப்பைச் சரிபார்க்கிறா.

இரண்டு வருசத்துக்கு முந்திப் பெரியம்மா தன் பழைய றங்குப் பெட்டியைத் தேடி அந்தச் சின்னறைக் கொண்டியை எடுத்துவிட்டா. முதலில் கதிரை விழுந்தது. பிறகு உடுப்புப் பைகள். பிறகு எங்கள் நேரசூசியும் படங்களும் சுருளவிழ்ந்து அவவின் காலடியில் விரிந்தன. அம்மா ஓடிவந்து "அது சும்மா பழைய சாமான் அக்கா" என்றா. பெரியம்மா குனிந்து ஒரு படத்தை எடுத்துப் பார்த்தா. எங்கள் படங்கள் எப்படிப் பழைய சாமான் ஆகும்? கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நிலத்திலேயே இருந்துவிட்டா.

"ஏன் பிள்ளையள், இதெல்லாம் ஏன் இதுக்குள்ளை?"

எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவதான் சிரிக்கத் தொடங்கினா. ஸ்காபரோவில் தன் வீட்டுக்கு ஆரும் வந்தால் மிஞ்சின சாமானை எல்லாம் கார் டிக்கிக்குள் அடைத்துப் பூட்டிவிடுகிறவவாம். ஒரு முறை வந்த ஆக்களையே அந்தக் காரில் ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போக வேண்டி வந்ததாம், சூட்கேஸ் வைக்க டிக்கியைத் திறக்க, அழுக்கு உடுப்புக் கூடை. அம்மாவும் சிரிச்சா. அன்று பின்னேரம் இரண்டு பேரும் அந்த அறைக்கு முன்னால் இருந்து தேத்தண்ணி குடிச்சினம். எங்கள் மேசை மட்டும் முன்னறைக்குத் திரும்பவில்லை. அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவும் இல்லை.

கம்பசுக்குக் கிட்டக் காணி விலை எப்படிப் போகிறது என்று இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஒரு பரப்பு வாங்கினால் மேலே மாடி கட்டிப் பொடியளுக்கு வாடகைக்கு விடலாம். போன மாசி மாதம் தரகர் ஒருவர் வந்து மதிலைச் சுற்றி நடந்துவிட்டுப் போனார். ஆர் அனுப்பினது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. போன கிழமை குடும்ப வட்ஸ்அப்பில் பெரியப்பா எழுதியிருந்தார்: இந்த முறை வரேக்கை வீட்டைப் பற்றிக் கதைக்க வேணும்.

அம்மா அதை வாசித்துவிட்டுப் ஃபோனைக் கவிழ்த்து வைச்சா. இரவு சாப்பிடும்போது, இந்த முறை முன்னறையில் ஒன்றையும் கழற்ற வேண்டாம், மேசை, கொப்பி, சுவரில் ஒட்டினது எல்லாம் அப்படியே கிடக்கட்டும் என்றா. சின்னறையில் வேணுமெண்டால் விருந்தாளிகளின் சூட்கேஸை வைக்கலாமாம். அப்பா சோற்றிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். தம்பி, அப்ப தான் எங்கே படுக்கிறது என்று கேட்டான்.

கொடியேற்றத்துக்கு இன்னும் ஒன்பது நாள். பாத்றூம் பைப்புக்கு இன்றைக்கே வினாகிரி பூசிவிட்டோம், இந்த முறை நுரை அடங்கும் வரை இருக்க நேரம் இருக்கிறது.