விளக்கின் விசை யார் கையில்?

புதுமை என்றதும் முகஞ்சுளிப்பது நம் சமூகத்தில் சிலருக்கு வழக்கம். புதுமை என்றதும் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவது வேறு சிலருக்கு வழக்கம். இவ்விரு சாராரோடும் சேராமல், ‘ஸ்மார்ட்’ என்னும் அடைமொழியோடு கடைகளில் விற்கப்படும் வீட்டுக் கருவிகளை அறிவு கொண்டு எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறோம்.

சொல் கேட்டு எரியும் விளக்கு, கைப்பேசியால் திறக்கும் கதவு, வாசலுக்கு வந்தவரை வெளியூரில் இருப்பவருக்கும் காட்டும் காமிரா ஆகியவை இன்று தோட்டத்து வீடுகளிலும் நுழைந்துவிட்டன. நாம் கிராணி வேலை பார்ப்பவர், ஆங்கிலம் படித்தவர். ஆதலின் இவற்றைப் பொருத்தித் தருமாறு அண்டை வீட்டார் நம்மை அழைப்பதுண்டு. ஒரு வீட்டில் ஒற்றை விளக்கை எரிய வைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. செயலியை இறக்கி, பெயரைப் பதிந்து, கடவுச்சொல் அமைத்து, இணையத்தோடு இணைத்த பின்னரே அது எரிந்தது. இரவில் அவ்வீட்டுப் பாட்டியார் வழக்கம்போல் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டு உறங்கச் சென்றார். அதன் பின் மகன் எத்தனை கட்டளையிட்டும் விளக்கு எரியவில்லை. மின்சாரமே செல்லாத விளக்குக்குக் காது ஏது? பாட்டியார்மீது குற்றமில்லை. அவர் அறியாத வழக்கத்தை அவர் வீட்டிற்குள் புகுத்தியதே குற்றம்.

ஆயினும் இவை யாவும் வீண் ஆடம்பரம் எனத் தள்ளுதல் நியாயமன்று. கண் பார்வையற்றவருக்கும், பாரிசவாதத்தால் படுக்கையில் கிடப்பவருக்கும், வாய்ச்சொல்லால் விளக்கேற்ற முடிவது பேருதவியாகும். பிறர் கையை எதிர்பாராமல் வாழ்வதே மானமுள்ள வாழ்வு. அதற்குத் துணைசெய்யும் கருவியை மனமார வரவேற்போம்.

நம் கவலை வேறு. இக்கருவிகளிற் பலவற்றின் மூளை நம் வீட்டில் இல்லை. நாம் இடும் கட்டளை எங்கோ உள்ள கம்பெனிக் கணினிக்குச் சென்று மீள்கிறது. 2021 டிசம்பர் 7ஆம் நாள் அமெரிக்காவில் அமேசான் கம்பெனியின் கணினி நிலையத்தில் கோளாறு நேர்ந்தபோது, பல வீடுகளில் வாசல் மணிக் காமிராவும் தரை பெருக்கும் இயந்திரமும் சொல் கேளாமல் நின்றன. அதற்கு முன்பே, ரிவால்வ் என்னும் கருவியைச் செய்த நிறுவனத்தை 2014இல் கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதத்தில் அச்சேவை நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 300 டாலர் கொடுத்தவர் கையில் உதவாத பெட்டிதான் மிஞ்சியது.

தோட்ட மக்களுக்கு இது புதிய அனுபவமா? முன்பு இந்நாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் லயங்களுக்கு மின்சாரம் தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்தே வந்தது. நிர்வாகம் குறித்த வேளையில் விளக்கு எரிந்தது. குறித்த வேளையில் அணைந்தது. பிள்ளையின் பாடம் முடிந்ததா என்று எவரும் கேட்டதில்லை. பொது மின்சாரம் வந்த பின்னரே வீட்டு விளக்கின் விசை வீட்டார் கைக்கு வந்தது. அதனை மறுபடியும், அதுவும் நம் காசைக் கொடுத்து, அயலார் கையில் ஒப்படைப்பதா?

ஆதலின் தோழர்களே, வாங்குமுன் கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இணையம் அறுந்தாலும் இது கையால் இயங்குமா? வீட்டு முதியவரும் இதை எளிதில் பழகிக்கொள்வாரா? கம்பெனி கைவிட்டால் இது என்னவாகும்? வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகள் வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று தொடர்புகொள்ள வழிசெய்யும் ‘மேட்டர்’ என்னும் பொது விதிமுறை 2022இல் வெளிவந்துள்ளது, அதையும் விசாரியுங்கள். தக்க விடை கிடைப்பின் தயங்காது வாங்குங்கள். கிடையாவிடின் சுவரிலுள்ள பழைய சுவிட்சே போதும். மிஞ்சும் வெள்ளியைப் பிள்ளைகளின் புத்தகத்திற்குச் செலவிடுவோமாக.