பங்களாவின் பின்கட்டு

கர்த்தருக்குள் பிரியமான பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. மஞ்சக்குப்பத்தில் வெயில் கொஞ்சம் தணிந்திருக்கிறது. பெரியம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். கோபன்ஹேகனில் உங்கள் சபைக்கு வருகிற வயதான அம்மா ஒருவர், தன் பாட்டி மேல்பட்டாம்பாக்கம் மிஷன் பங்களாவில் பிறந்தவர் என்று சொல்லிவிட்டு, “அந்த ஊரில் எப்படித்தான் குடும்பம் நடத்தினார்கள்?” என்று கேட்டாராம். உனக்குப் பதில் தெரியவில்லை. எப்படித் தெரியும்? நமக்கு ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் யார் எந்த வருஷம் வந்தார், எந்தக் கோவிலைக் கட்டினார் என்பதுதான். அவர்கள் வீட்டில் என்ன சமைத்தார்கள், பிள்ளைகள் என்ன பாஷை பேசின என்று யாரும் சொன்னதில்லை. எனக்கு என்னவோ அந்த வீட்டுக் கதையில்தான் மிஷன் சரித்திரமே இருக்கிறது என்று தோன்றுகிறது.

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த மிஷனரி சீகன்பால்கு 1717-லேயே கடலூரில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார். முறையான மிஷன் வேலை இங்கே ஊன்றியது 1737-ல். மூன்று வருஷம் கழித்து சுவீடனைச் சேர்ந்த கீர்நாண்டர் வந்தார். பதினெட்டு வருஷம் இந்த ஊரில் இருந்தார். கல்யாணமும் இங்கேதான் நடந்தது. மனைவி பெயர் வெண்டெலா. கீர்நாண்டரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். 1749-ல் ஓ.டி. என்கிற பழைய டவுனில் இருந்த கத்தோலிக்க ஆலயத்தை ஆங்கிலேயர்கள் பிடுங்கி இவர் கையில் கொடுத்தார்கள், 1750 ஜூலையில் கப்பலிலிருந்து இறங்கிய ஷ்வார்ட்ஸ் என்ற மிஷனரியை இவர்தான் வரவேற்றார், எல்லாம் இருக்கும். வெண்டெலாவைப் பற்றிக் கல்யாணத் தகவலும் சாவுத் தகவலும்தான். தமிழே தெரியாமல் வந்து இறங்கிய வாலிபர்களுக்குச் சோறு போட்டது யார், ஜுரம் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தது யார் என்பதை எழுத அந்தக் காலத்து அறிக்கைகளில் இடமே இல்லை. ஹாலே நகரத்தில் அச்சான அறிக்கைகளைச் சொல்கிறேன். காணிக்கை கொடுக்கிற ஐரோப்பிய வாசகர்களுக்காகத் தேர்ந்தெடுத்துத் திருத்திப் போட்டவை அவை. அடுப்படிச் செய்தி காணிக்கை கொண்டுவராது அல்லவா?

1758 ஜூன் மாதம் ஆங்கிலேயர்களின் தேவனாம்பட்டினம் கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்தது. கீர்நாண்டர் குடும்பம் போட்டது போட்டபடி கிளம்பி, செப்டம்பரில் கல்கத்தா போய்ச் சேர்ந்தது. மூன்றே வருஷத்தில் வெண்டெலா அங்கே இறந்துபோனார். கோட்டை கை மாறினால் குடித்தனமும் கை மாறும் என்பதுதான் அப்போது கடலூர் வாழ்க்கை. 1782-ல் மறுபடியும் அதே கதை. பிரெஞ்சுப் படையும் ஹைதர் அலியின் குதிரைகளும் சேர்ந்து வந்தபோது இங்கே இருந்தவர் கெரிக்கே என்ற ஜெர்மானியர். ஆங்கில அதிகாரிகள் சிலரைத் தன் வீட்டிலேயே ஒளித்து வைத்தார். ஊரை ஹைதரின் படையிடம் விட்டுவிட வேண்டாம் என்று பிரெஞ்சுத் தளபதியிடம் போய் மன்றாடினார். பலித்தது. ஆனால் மிஷன் வேலை சின்னாபின்னமானதால் அவரும் நாகப்பட்டினம் போக வேண்டி வந்தது.

இனி உன் டேனிஷ் அம்மாவின் பாட்டிக்கு வருகிறேன். 1860-களில் கார்ல் ஓக்ஸ் என்ற போதகர் லைப்சிக் என்ற ஜெர்மானிய மிஷனோடு சண்டை போட்டுப் பிரிந்து, டேனிஷ் மிஷன் சங்கத்தோடு சேர்ந்து மேல்பட்டாம்பாக்கத்தில் வேலை தொடங்கினார். சண்டை எதற்கு என்று நினைக்கிறாய்? சாதிக்கு. சபைக்குள் சாதி வழக்கங்களைப் பொறுத்துப் போகலாம் என்றது லைப்சிக். கூடாது என்றார் ஓக்ஸ். அந்த ஒரு பங்களாவிலிருந்து விருத்தாசலம், திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று பரவியதுதான் இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட நம் ஆற்காடு லுத்தரன் திருச்சபை.

என் பாட்டி, அதாவது உன் கொள்ளுப்பாட்டி, அப்படி ஒரு பங்களாவில் பிள்ளை பார்க்கப் போனவள். அவள் சொன்னதைத்தான் இப்போது எழுதுகிறேன். சாப்பாட்டு அலமாரியின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தி வைத்திருப்பார்களாம், எறும்பு ஏறாமல் இருக்க. காலையில் முதல் வேலை அந்தத் தண்ணீரை மாற்றுவது. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைக்கும்போது துரைசாணி அம்மாள் பக்கத்திலேயே நிற்பாராம், பாட்டி மேல் நம்பிக்கை இல்லாமல். பிள்ளைகள் தொப்பி இல்லாமல் வாசலுக்கு வந்தால் பாட்டிக்குத்தான் திட்டு. துரைசாணி அம்மாள் முன்ஷியிடம் உட்கார்ந்து தமிழ் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கையில், நான்கு வயசுப் பிள்ளை பின்கட்டில் சமையல்காரரோடு தமிழில் வாயாடிக்கொண்டிருக்கும். ‘எனக்கு இங்கிலீசும் தெரியாது, டேனிசும் தெரியாது, ஆனா அது பேசினது பெத்தவளுக்கு முன்னாடி எனக்குத்தான் புரியும்’ என்று கடைசி வரைக்கும் பெருமையாகச் சொல்லுவாள்.

ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஏழெட்டு வயசு ஆனதும் பங்களாவில் சிரிப்பு போய்விடும். அமெரிக்க மிஷனரிகள் 1845-லேயே கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டார்கள், 1901-ல் தங்கள் பிள்ளைகளுக்கு அங்கேயே பள்ளிக்கூடமும் வைத்துக்கொண்டார்கள். ஐரோப்பியர்களில் பலருக்கு அந்த வசதி இல்லை. பிள்ளையைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்ப வேண்டும், உறவினர் வீட்டிலோ விடுதியிலோ விட வேண்டும். அடுத்த விடுப்பு வர ஐந்தாறு வருஷம் ஆகலாம், கூடவும் ஆகலாம். சூயஸ் கால்வாய் 1869-ல் திறந்த பிறகு பயணம் ஒரு மாசமாகக் குறைந்தது உண்மைதான். ஆனாலும் பிள்ளைக்குப் பல் விழுந்த செய்தி வரும்போது புதுப் பல் முளைத்திருக்கும். புருஷனோடு இருப்பதா, பிள்ளையோடு போவதா என்று அந்தப் பெண்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. சிலர் போனார்கள், பலர் இருந்தார்கள். தியாகம் என்று இதைப் பிரசங்கத்தில் சொல்வார்கள். எனக்கு அந்த வார்த்தையில் உடன்பாடில்லை. தியாகம் செய்தது பெரியவர்கள் என்றால், பிள்ளைகளை யார் கேட்டார்கள்?

இந்த பங்களா முறையே சரியில்லை என்று சொன்ன இரண்டு டேனிஷ் பெண்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். ஒருவர் ஆனி மேரி பீட்டர்சன். 1878-ல் பிறந்தவர், 1909-ல் வேலூர்ப் பக்கம் வேலை செய்த லோவெந்தால் மிஷனுக்கு வந்தவர். இன்னொருவர் அவரைவிடப் பதினோரு வயசு இளையவர், எஸ்தர் ஃபேரிங். 1916-ல் டேனிஷ் மிஷனுக்கு வந்து திருக்கோவிலூரில் இருந்தார். இந்தியப் பள்ளிக்கூடங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்க்க இருவரும் ஒன்றாகப் பயணம் போனபோது, 1917 ஜனவரியில் அகமதாபாத்தில் காந்தியின் ஆசிரமத்தில் இறங்கினார்கள். காந்தியைப் பார்த்தார்கள். அவ்வளவுதான், இருவர் வாழ்க்கையும் திசை மாறிவிட்டது.

எஸ்தர் மறுபடியும் அங்கே போக ஆசைப்பட்டபோது மிஷன் தடுத்தது. சர்க்கார் சந்தேகக் கண்ணோடு பார்த்த காலம் வேறு. கவனி, உபதேசத்தில் அவர் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. யார் வீட்டுக்குப் போகிறார், யாரோடு பழகுகிறார் என்பதுதான் குற்றமாகிவிட்டது. கடைசியில் மிஷனை விட்டு விலகினார். 1920 தொடக்கத்தில் ஆசிரமத்திலேயே போய்த் தங்கினார். அங்கேயும் எல்லாம் இனிப்பாக இல்லை. கஸ்தூர்பாவோடு ஒத்துப்போவது சிரமமாக இருந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் காந்தி எழுதியிருக்கிறார். எந்த நாட்டிலிருந்து வந்தால் என்ன, அடுத்தவர் வீட்டு அடுப்படிக்குள் போவது லேசான காரியமா?

பீட்டர்சனும் மிஷனை விட்டுவிட்டு, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருக்கிற பரங்கிப்பேட்டையைத் தேர்ந்தெடுத்தார். வெள்ளாறு கடலில் சேருகிற இடம், மரைக்காயர்கள் நிறைந்த ஊர். அங்கே பெண் பிள்ளைகளுக்காக சேவா மந்திர் என்ற தேசியப் பள்ளிக்கு 1921 செப்டம்பரில் காந்தியே வந்து அடிக்கல் நாட்டினார். அதே மாதம் மதுரையில்தான் அவர் அரையாடைக்கு மாறினார் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். வெளிநாட்டு மிஷன் பணத்தை நம்பாமல், கதரும் ராட்டையுமாக, டேனிஷ் கிராமத்து மக்கள் பள்ளிகளின் வாசனையோடு ஒரு கிறிஸ்தவப் பள்ளி! பீட்டர்சன் 1951-ல் இறக்கும்வரை பரங்கிப்பேட்டையை விட்டுப் போகவில்லை.

எஸ்தர் 1921-ல் மேனன் என்ற மலையாளியைக் கல்யாணம் செய்துகொண்டார். மேனன் மருத்துவர். அவர்கள் குடும்பமும் பிறகு பரங்கிப்பேட்டைக்கு வந்தது. இரண்டு பெண் குழந்தைகள், ‘நான்’, ‘தங்கை’ என்ற பெயர்களில் காந்தியின் கடிதங்களில் வருகிறார்கள். குழந்தைகளுக்கு முத்தம் சொல்லி அனுப்புவார், உடம்பு எப்படி என்று கேட்பார், ‘மரியா’ என்று பீட்டர்சனை விசாரிப்பார். மிஷன் அறிக்கையில் இடம் கிடைக்காத விஷயமெல்லாம் அங்கே இருக்கிறது. அந்தக் கடிதங்களை ஆலிஸ் பார்ன்ஸ் தொகுத்து, 1956-ல் நவஜீவன் புத்தகமாகப் போட்டது. ‘மை டியர் சைல்ட்’ என்று பெயர்.

பரங்கிப்பேட்டை வீட்டைப் பெரிதாகத் தூக்கிப் பேசுகிறேன் என்று உன் அப்பா சொல்லுவான். பங்களாக்காரர்கள் கட்டிய ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் இல்லாவிட்டால் நம் குடும்பத்தில் யார் படித்திருப்பார்கள் என்று கேட்பான். நியாயமான கேள்விதான். திருவண்ணாமலை டேனிஷ் மிஷன் பள்ளியில் படித்துத்தானே அவனே வேலைக்குப் போனான். ஆனால் அந்த அம்மா கேட்டது பள்ளிக்கூடத்தைப் பற்றி அல்ல, குடும்பம் நடத்தியதைப் பற்றி. அதற்கு என் பதில் இதுதான்: பெரும்பாலோர் பாதிக் குடும்பமாகத்தான் நடத்தினார்கள், பிள்ளைகள் ஒரு கண்டத்தில், பெற்றவர்கள் ஒரு கண்டத்தில். முழுக் குடும்பமாக இருக்க முடிந்தவர்கள் மிஷனை விட்டு வந்து, நம் ஆட்களோடு கலந்துவிட்டவர்கள். இதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதை நீயே பார்த்துக்கொள். வீட்டில் பழைய கடிதங்கள் இருக்கின்றனவா என்றும் கேள். பிரசங்கக் குறிப்புகள் வேண்டாம். அவர் பாட்டியின் அம்மா ஊருக்கு எழுதியவை இருந்தால், ஒன்றிரண்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்.

டிசம்பரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் வரும்போது ஒருநாள் ஒதுக்கி வையுங்கள். காலையில் தேவனாம்பட்டினம், ஓ.டி. பார்த்துவிட்டு, பரங்கிப்பேட்டை போய், சாயந்தரம் சிதம்பரத்தில் உன் அத்தை வீட்டில் சாப்பிட்டுத் திரும்பலாம். அவளிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
அன்புள்ள பெரியப்பா