குடிலில் வளரும் காட்டுப் புகையிலை

புகையிலை என்றதும் நம் கண்முன் வருவது ஒரே செடிதான். சுருட்டு, பொடி, வெற்றிலைக்குத் துணை என்று வேடம் பல போட்டாலும் ஆள் ஒருவனே. பழனி முருகனிடம் புகையிலையைத் தூது விட்டுப் பாடினாரே சீனிச் சர்க்கரைப் புலவர், அவர் அனுப்பியதும் இவனைத்தான். ஆனால் இவனுக்குத் தாயாதிகள் எழுபதுக்கு மேல் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் ஒரு சுருட்டுக்கும் உதவாத காட்டுப் பிறவிகள். இதை நான் திருப்பதிக்கு வந்து தாவரவியல் ஆராய்ச்சியில் சேர்ந்த பிறகே அறிந்தேன்.

இந்தக் குடும்பத்துக்கு நிக்கோட்டியானா என்று பெயர். பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ என்பவரின் பெயரால் வந்தது. அமெரிக்கக் கண்டங்களிலும் ஆஸ்திரேலியாவிலுமே இவை மிகுதி. ஆப்பிரிக்காவில் ஒன்றே ஒன்று நமீபிய மலைகளில் இருக்கிறது. 1975-இல்தான் அதற்குப் பெயரிட்டார்கள். நம் நாட்டுக்கு உரிய காட்டுப் புகையிலை எதுவும் இல்லை. எனினும் பிளம்பஜினிபோலியா என்ற ஒரு வகை எப்படியோ வந்து சேர்ந்து, கேட்பாரின்றிப் பரவிவிட்டது. நாம் பொன்முகலி என்று வழங்கும் சுவர்ணமுகி ஆற்றின் மணலில், மழைக்காலம் ஓய்ந்த பின் போய்ப் பாருங்கள். மெலிந்த தண்டும் வெளிறிய நீண்ட பூவுமாக நிற்கும். அதைப் பெயர்த்துவந்து நான் தொட்டியில் வைத்தபோது எங்கள் தோட்டக்காரத் தாத்தா, "களைக்கா தண்ணீர் ஊற்றுகிறாய், பாபு?" என்று தெலுங்கில் கேட்டுவிட்டுச் சிரித்தார். தெலுங்கிலும் புகையிலைக்குப் 'பொகாகு' என்றுதான் பெயர். அதே புகை, அதே இலை.

பசுங்குடிலைப் பற்றி ஒரு சொல். குளிர்நாட்டார் கண்ணாடிக் கூடம் கட்டுவது உள்ளே சூட்டைப் பிடித்து வைக்க. இந்தச் சித்தூர்ச் சீமையிலோ சூட்டை வெளியே நிறுத்துவதுதான் பாடு. எங்கள் குடிலில் மேலே நிழல்வலை, பக்கங்களில் பூச்சிவலை, கீழே சிமெண்டுத் தரை. அந்தத் தரையை நினைவில் வையுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

விதை தூசி போன்றது. ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும். மூச்சு விட்டால் பறந்துவிடும். மண்ணில் புதைத்தால் பல வகைகள் முளைப்பதில்லை, வெளிச்சம் வேண்டும். ஆகவே ஈர மண்ணின் மேல் மணலோடு கலந்து தூவி, பூவாளியால் அல்ல, அடியிலிருந்து நீரை உறிஞ்ச விட்டு வளர்க்கிறேன். முளைத்த பிறகு ஒவ்வொன்றும் ஒரு குணம். சில்வெஸ்ட்ரிஸ் நீண்ட வெள்ளைப் பூக்களைத் தொங்கவிட்டு மாலையில் மணக்கும். அதற்கும் டொமென்டோசிபார்மிஸ் என்ற மற்றொன்றுக்கும் இயற்கையில் நிகழ்ந்த கலப்பில் பிறந்ததே நம் புகையிலை. தாய்க்கு 24 குரோமோசோம், தந்தைக்கு 24, பிள்ளைக்கு 48. கணக்கு இவ்வளவு நேராக வருவது உயிரியலில் அபூர்வம்!

விடுதி நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இதில் எதைச் சுருட்டிப் பிடிக்கலாம்?" வேடிக்கைக்குக்கூட வேண்டாம். கிளாக்கா என்ற மரப்புகையிலை, சாம்பல் பூத்த இலையும் மஞ்சள் குழல் பூவுமாக ஆள் உயரத்துக்கு மேல் வளரும். அதன் நஞ்சு நிக்கோட்டின் அன்று, அனபசின். அதைக் கீரை என்று எண்ணிச் சமைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு.

இனி என் உள்ளத்தைக் கொள்ளை கொண்ட குளூட்டினோசாவுக்கு வருகிறேன். பெரு நாட்டுப் பக்கத்துச் செடி. தொட்டால் கையில் ஒட்டும். புகையிலைக்கு வரும் மொசைக் நோய் நம் தக்காளிக்கும் மிளகாய்க்கும்கூடப் பகை. நோயுற்ற இலைச்சாற்றைக் குளூட்டினோசாவின் இலையில் தேய்த்தால் இரண்டு மூன்று நாளில் சிறு சிறு கரும்புள்ளிகள் தோன்றும். அதோடு நோய் நின்றுவிடும். வைரஸ் புகுந்த இடத்துச் செல்கள் தாமே மடிந்து, பகைவனைத் தம்மோடு சேர்த்து அடைத்துவிடுகின்றன. 1929-இல் ஹோம்ஸ் என்ற அமெரிக்கர், அந்தப் புள்ளிகளை எண்ணியே வைரஸின் அளவைக் கணிக்கலாம் என்று காட்டினார். பின்னர் இந்தக் காவற்குணத்தைப் பயிர்ப் புகையிலைக்கும் ஏற்றினார்கள். 1994-இல் அதற்குரிய மரபணுவையே பிரித்தெடுத்தார்கள்.

இதற்கு நேர்மாறானது ஆஸ்திரேலியாவின் பெந்தாமியானா. ஆய்வுக்கூடங்களில் வளரும் இனத்தில் ஒரு காவல் மரபணு பழுதுபட்டுக் கிடப்பதால், எந்த வைரஸ் வந்தாலும் வாசல் திறந்து வரவேற்கும். அந்த ஏமாளிக் குணமே அதற்குப் பெருமையும் ஆயிற்று. 2022-இல் கனடா ஒப்புதல் அளித்த ஒரு கொரோனாத் தடுப்பூசிக்கான புரதம் இந்தச் செடியின் இலைகளில்தான் செய்யப்பட்டது.

மார்கழியில் நான் குளூட்டினோசாவைச் சோதித்தபோது ஏட்டில் உள்ளபடியே புள்ளிகள் வந்தன. ஆனால் அந்தக் காவலுக்கு ஓர் எல்லை உண்டு. 28 டிகிரிக்கு மேல் அது உறங்கிவிடும். இதுவும் ஏட்டில் உள்ளதுதான். ஆனால் 28 டிகிரி என்பது குளிர்நாட்டானுக்குக் கோடை. நமக்கோ அது ஒரு நல்ல நாளின் காலைப் பொழுது! கண்ணால் பார்த்துவிடுவோம் என்று ஆனி மாதத்தில் மீண்டும் தேய்த்தேன். பகலெல்லாம் வெந்த சிமெண்டுத் தரை இரவிலும் சூட்டை விடவில்லை. வெப்பமானி 29-க்குக் கீழே இறங்கவே இல்லை. புள்ளி ஒன்றுகூட வரவில்லை. சில நாட்களில் புதிய இலைகளில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகப் படர்ந்தன. மாவீரன் என்று பெயர் பெற்ற செடி, சாதாரணப் புகையிலையைப் போல நோயைச் சுமந்துகொண்டு நின்றது.

அடுத்து நடந்ததுதான் என்னை இன்னும் விடவில்லை. ஒரு தொட்டியை எடுத்து, ஆய்வுக்கூடத்தின் 22 டிகிரி குளிரறையில் மாலையில் வைத்தேன். விழித்துக்கொண்ட காவல் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் இலைகள் வெந்த கீரைபோல் கறுத்துத் தொங்கின; குருத்தும் மிஞ்சவில்லை. வைரஸ் இருக்குமிடத்தை அழிப்பதே அந்தக் காவலின் முறை. இப்போது வைரஸ் இல்லாத இடமே இல்லை.

அன்று முதல், எந்தப் பயிர்க்கு எந்தக் காட்டுச் செடியிலிருந்து நோய் தாங்கும் குணத்தை எடுத்தோம் என்று யாரேனும் பெருமை பேசினால், "எத்தனை டிகிரியில்?" என்று கேட்கத் தோன்றுகிறது. கோடையிலும் தக்காளி நடுகிற மதனப்பள்ளி உழவருக்கு மார்கழியில் மட்டும் விழித்திருக்கும் காவலாளி எதற்கு? சூட்டிலும் உறங்காத காவல் வேறு எந்தத் தாயாதியிடமாவது இருக்கலாம். அதற்காகத்தான் பயனற்றவை என்று தோன்றும் இந்தச் செடிகளையெல்லாம் உயிரோடு வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ராஜமுந்திரியில் 1947-இல் தொடங்கிய மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இந்தக் காட்டு வகைகளைத் திரட்டிக் காத்து வந்திருக்கிறது. அண்மையில் அதன் பெயரில் இருந்த புகையிலை போய் 'வணிக வேளாண்மை' வந்துவிட்டது. புகைப்பது குறைந்தால் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பயிரோடு பயிராக இந்த ஏழை உறவினரையும் மறந்துவிடுவார்களோ என்பதே என் கவலை. விதை என்றென்றும் உயிரோடு இராது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை யாரேனும் விதைத்து, பூவுக்கு உறை கட்டி, மீண்டும் விதை எடுத்தாக வேண்டும்.

நான் வைத்திருப்பவை பதினொரு வகைகள். வரும் ஆனியில் அத்தனையையும் அதே சிமெண்டுத் தரைமேல் வைத்துப் பார்க்கப் போகிறேன். பார்க்க விரும்பும் சங்க நண்பர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் வரலாம். சில்வெஸ்ட்ரிஸ் அப்போதுதான் மணக்கும். ஒன்று மட்டும்: பீடி, சிகரெட்டு பிடிப்பவர்கள் சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவிவிட்டு வாருங்கள். உலர்ந்த புகையிலையிலும் மொசைக் வைரஸ் ஆண்டுக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். உங்கள் விரல் வழியாகவே என் செடிகளுக்கு வந்துவிடும்.