எல்லையோரத்துக் குப்பிகள்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் ரயிலில் நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம் ஆகிய நிலையங்களைக் கடந்தால் பாறசாலை வரும். 1979இல் திறக்கப்பட்ட இப்பாதையில் கேரளத்தின் கடைசி நிலையம் இதுவே. அடுத்த நிலையமான குழித்துறை மேற்கு தமிழ்நாட்டைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. பெண் கொடுத்த வீடு அப்பாலும் பிறந்த வீடு இப்பாலுமாக ஆன குடும்பங்கள் இங்கே உண்டு.

ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் ஓய்வு நாட்களில் இவ்வூர்களில் பழங்குப்பிகளைத் தேடித் திரிவது வழக்கம். நேயர்கள் புருவத்தை நெரிக்க வேண்டா; நாம் தேடுவது காலிக் குப்பிகளையே!

குப்பி சேகரிப்போர் சிறு பீர் ஆலைகளின் பெயர் பொறித்தவற்றைப் பெரிதும் விரும்புவர். தென்னாட்டில் அத்தகைய ஆலைகள் நீலகிரி, பெங்களூர், சென்னை ஆகிய இடங்களில் இருந்தன. நீலகிரியின் காசில் ஆலை 1857இல் தோன்றியது. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் ஐந்து சிறு ஆலைகளை ஒன்றாக்கி யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தை அமைத்தார். பட்டாளத்தாருக்குப் பீர் பெரிய பீப்பாய்களிலேயே சென்றது. எனவே அக்காலக் குப்பி எளிதில் கிட்டுவதன்று.

பாறசாலைப் பக்கத்து மதுவோ பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் இறங்கியது. அதற்குக் கலயமே போதும். எல்லைக்கு இப்பால் இன்றும் கள்ளுக்கடை உண்டு. அப்பால் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆகவே இங்கே நமக்குக் கிடைப்பவை வெளியூரிலிருந்து வந்த பீர்க் குப்பிகளும் கோலி சோடாக் குப்பிகளுமே. கோலிக் குப்பியை 1872இல் வடிவமைத்தவர் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர். வாயுவின் அழுத்தம் கோலிக்குண்டை மேலே தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கிவிடும். வேறு மூடியே வேண்டியதில்லை.

குப்பியின் வயதை அறிய ஒரு வழி உண்டு. பக்கவாட்டில் ஓடும் அச்சுக்கோட்டை விரலால் தடவிப் பாருங்கள். கோடு வாய்விளிம்புக்குக் கீழேயே மறைந்தால், பெரும்பாலும் வாயால் ஊதிச் செய்து விளிம்பைப் பிறகு கையால் அமைத்த பழங்குப்பி அது. விளிம்பின் மேலும் ஏறினால் இயந்திரத்தில் வார்த்தது. ஓவன்ஸ் என்பாரின் தானியங்கி இயந்திரம் 1903இல்தான் வந்தது. நெளிந்த தகர மூடிக்கு ஏற்ற வாயாயின், அம்மூடி தோன்றிய 1892க்கு முந்தியதாக இருக்கவியலாது.

இஞ்சிவிளைக்கு அருகே ஒரு வீட்டில் கரும்பச்சைக் குப்பி ஒன்றைக் கண்டோம். அச்சுக்கோடு கழுத்திலேயே நின்றிருந்தது. விலை கேட்டோம். அவ்வீட்டு மூதாட்டியார், “காசு வேண்டாம் மக்களே, எங்க மாமியார் எண்ணெய் வச்ச குப்பியாக்கும். நானும் அதுலதான் வைக்கேன்” என்றார். நாம் வற்புறுத்தவில்லை. அடியிலிருந்த எழுத்துக்களையும், அது அவ்வீட்டுக்கு வந்த கதையையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு திரும்பினோம். கதையோடு அவ்வீட்டில் இருக்கும் குப்பி, கதையற்று நம் அலமாரியில் இருப்பதினும் மேலானது அன்றோ!

ஆனால் எல்லாக் குப்பிகளுக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. வீடு இடிக்கும்போதும் பெரியவர் மறையும்போதும் அவை ஆக்ரிக் கடைக்குப் போகின்றன. அங்கே சில்லாக உடைபட்டு ஆலையில் உருகிவிட்டால், ஊர்ப்பெயரும் ஆலைப்பெயரும் உடன் மறைகின்றன.

ஆதலால், பிழைப்புக்காக வெளியூரில் வாழும் நம் சங்கக் குடும்பத்தினருக்கு ஒரு விண்ணப்பம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பரணையும் தொழுவத்தையும் ஒருமுறை பாருங்கள். பழங்குப்பி இருப்பின், அதை யார், எப்போது கொணர்ந்தார் என வீட்டுப் பெரியோரைக் கேட்டு, ஒரு சீட்டில் எழுதிக் கழுத்தில் கட்டி வையுங்கள். கேட்டால் சொல்ல ஆள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.