பெல்லோஷிப் இல்லாத சனிக்கிழமைகள்

மே 4, 2024. சனி. பதுளை

கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் வியாழக்கிழமை தொடங்கியது. நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இதே கதைதான். ஊவா வெல்லஸ்ஸவின் விடுதிப் பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். யாழ்ப்பாணம், வவுனியாக்காரர்கள் நேற்று இரவு பஸ்ஸிலேயே போய்ச் சேர்ந்திருப்பார்கள். இன்று மாலை வேதபாடத்துக்கு எடுத்து வைத்த தாள்கள் மேசைமேல் கிடக்கின்றன.

மாணவர் ஊழியத்தில் சனிக்கிழமைதான் வேலைநாள். பாளையங்கோட்டையில் ஐ.சி.இ.யூ. என்ற கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்தில் வளர்ந்தவளுக்கு அது பழகிப்போன கணக்கு. கூட்டம் இல்லாத சனிக்கிழமையை என்ன செய்வது என்று எந்தப் பயிற்சி முகாமிலும் சொல்லித் தரவில்லை.

போகும்போது மூன்றாம் வருடத் தங்கச்சி வாசலில் நின்று கேட்டாள்: "அக்கா, ரூம்லயே குந்திக்கிட்டு என்ன செய்யப் போறீங்க? எங்க வீட்டுக்கு வாங்களேன். தெமோதரப் பக்கந்தான்." அவளைத் தொடர்ந்து இன்னும் சிலரும் கூப்பிட்டார்கள். எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள். வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கடையில், பஸ்ஸில், எங்கும் 1,700 பேச்சுத்தான். மே தினத்தன்று கொட்டகலைக் கூட்டத்தில் ஜனாதிபதி அறிவித்த நாட்சம்பளம். இப்போது கிடைப்பது 1,000. வீட்டுக்கார அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "கையில வரட்டும்."

மே 12. ஞாயிறு. தெமோதரை

பதுளைக்கு ரயில் வந்து இந்த ஆண்டோடு நூறு வருடம். கொழும்பிலிருந்து மலையேறி வரும் பாதை இங்கே முடிகிறது. எனக்கு இது தொடங்கும் இடம். மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரம் கிடைக்கும்.

தெமோதரையில் நடப்பதைப் பார்த்தால்தான் நம்ப முடிகிறது. பதுளையிலிருந்து போகும் ரயில் முதலில் ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. வெளியே வந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி மேலேறி, தான் நுழைந்த சுரங்கத்தின் தலைக்குமேலேயே வந்து நிற்கிறது. சரிவான மலையில் பாதையை எப்படி ஏற்றுவது என்று எஞ்சினியர்கள் முழித்தபோது, கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்து யோசனை பிறந்ததாக ஒரு கதை. கதையிலாவது கங்காணிக்கு இடம் கிடைத்திருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் எல்ல பக்கம் போனால் 1921-இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம். இரும்பே சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சிமெந்தும் வைத்துக் கட்டியது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் ரயில் வாசலில் தொங்கியபடி படமெடுப்பது அதற்காகத்தான்.

தங்கச்சியின் வீடு லயத்தில் நாலாவது காம்பரா. வாசலில் சாணி தெளித்து, பூச்சட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மாவைக் காணோம். "கைக்காசுக்குப் போயிருக்கு" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு லீவு. ஆனால் கொழுந்து கிடக்கும் காலத்தில் விரும்புகிறவர்கள் போய்ப் பறிக்கலாம். கிலோவுக்கு இவ்வளவு என்று காசு. வேலைநாளில் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழ வேண்டுமானால் 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஓர் அளவு உண்டு. குறைந்தால் அரைப்பேர். கைக்காசில் அந்தத் தொல்லை இல்லை, பறித்தது பறித்ததுதான். இன்று அம்மா ஏன் போனார் என்பது மத்தியானம் சோற்றோடு கோழிக்குழம்பு வந்தபோது புரிந்தது. நான் வருவதற்காக அவர் தன் ஒரே லீவு நாளை விற்றிருந்தார்.

அதற்கு முன்பே தங்கச்சியோடு மலைக்குப் போய்விட்டு வந்தேன். அம்மாவுக்கு ஒரு போத்தலில் சாயத்தண்ணி, துணியில் சுற்றிய ரொட்டி, கட்டசம்பல். மடுவத்தில் நிறுவை நடந்துகொண்டிருந்தது. ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கழித்துக்கொண்டே தராசுக்காரர் எண்ணைச் சொல்ல, பெண்கள் அதை வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொள்கிறார்கள். அம்மா என் கையைப் பிடித்தார். விரல்களின் ஓரமெல்லாம் கறுப்பு. ரேகைகள் மை தடவிய மாதிரி தெரிந்தன.

தேயிலைத் தொழில்நுட்பம் என்றே ஒரு பட்டப்படிப்பு ஊவா வெல்லஸ்ஸவில் உண்டு. தங்கச்சி படிப்பது அதுதான். இறங்கி வரும்போது சொன்னாள்: "கொழுந்துச் சாறு காத்துப்பட்டா கறுக்கும் அக்கா. பாலிபினோல். பெக்டரில இலைய நசுக்கிப் போட்டு இதத்தான் செய்றாங்க. அம்மா கையில சும்மா நடக்குது." பரீட்சைக்குப் படித்ததை ஒப்பிப்பவள் குரலில்தான் சொன்னாள்.

சாப்பிட்டபின் சங்கீதம் ஒன்று வாசித்து ஜெபித்தோம். அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். யாரும் எழுப்பவில்லை.

மே 23. வியாழன். வெசாக்

முதியங்கனை விகாரை இருக்கும் தெருவில் கால் வைக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் வெசாக் கூடுகள். தன்சல்காரப் பையன்கள் நடுரோட்டில் கொடியை ஆட்டி பஸ்ஸையே மறிக்கிறார்கள். காசு கிடையாது, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எனக்கு ஒரு தன்சலில் கடலை, இன்னொன்றில் ஐஸ்கிரீம். ஊர்ச் சபையில் ஓரிருவர் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அவர்களும் இந்த வரிசையில் நின்று பார்க்கலாம். வெயிலில் காத்திருந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தவனிடம் நான் வேதவசனம் கேட்கப் போவதில்லை.

ஜூன் 1. சனி. ஹப்புத்தளை

பிள்ளைகள் சிலரோடு ஒரு நாள் பயணம். விடியுமுன்னே டம்பேதன்ன. லிப்டன் 1890-இல் கட்டிய தொழிற்சாலை இன்னும் ஓடுகிறது. அதற்கு மேலே ஏழு கிலோமீட்டர் போல ஏறினால் லிப்டன் சீட். அவர் அங்கே உட்கார்ந்துதான் தன் தோட்டங்களைப் பார்த்தாராம். இப்போது அவருக்கு அங்கே ஒரு சிலையும் உண்டு, அதன் தோளில் கைபோட்டுப் படமெடுக்க ஒரு கூட்டமும் உண்டு. ஒன்பது மணிக்கெல்லாம் மேகம் மூடிவிடும் என்பதால் எல்லாருக்கும் அவசரம்.

எங்களோடு வந்த தம்பியின் வீடு கீழேதான். அண்ணன் ஆட்டோ வைத்து வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி இறக்குகிறான். "நீ எத்தனை தடவை வந்திருக்கே?" என்று கேட்டேன். "சின்னதுல அம்மாவோட மலைக்கு வருவேன். கடைசி வரைக்கும் ஏறுனதில்ல. சும்மா பாக்கிறதுக்கு யாரு அக்கா ஏறுவா?" என்றான். மேலே போனதும் அவன் காட்சியைப் பார்க்கவில்லை. எந்த லயம் எந்த டிவிஷன், எந்த வளைவில் சின்னம்மா வீடு என்று விரலால் தேடிக்கொண்டிருந்தான். கண்டுபிடித்ததும் அண்ணனுக்குப் போன் போட்டு "வெளிய வா, கை காட்டு" என்று கத்தினான். அண்ணன் அப்போது எங்கோ சவாரியில் இருந்தான்.

திரும்பும் வழியில் அடிஷாம். சர் தாமஸ் வில்லியர்ஸ் 1931-இல் இங்கிலாந்துக் கிராமத்துப் பெயரில் கட்டிய கல்மாளிகை. இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். வார இறுதிகளிலும் போயா என்கிற பௌர்ணமி தினங்களிலும் பார்க்க விடுகிறார்கள். கொய்யா ஜெலி வாங்கினேன். நூலகத்துக்குள் பிள்ளைகள் குசுகுசுவென்றே பேசினார்கள். வெளியே வந்ததும் ஒருத்தி சொன்னாள்: "இது மாதிரி பங்களாவுக்கு முன்வாசல் வழியா இப்பதான் முதல் தரம் போறேன்." அவள் பாட்டி தொரை பங்களாவில் குசினி வேலை பார்த்தவர்.

ஜூன் 21. வெள்ளி. பொசன் போயா. கொஸ்லாந்தை

பஸ் தியலும நீர்வீழ்ச்சிக்கு அருகே நின்றது. 220 மீட்டர். இறங்கியவர்கள் அத்தனை பேரும் அதைப் பார்க்க வந்தவர்கள். நானும் ஒரு மாணவியும் அங்கே இறங்கவில்லை.

மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்தது. லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். வீட்டில் இருந்தவர்கள் தப்பவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. மாற்றிடம் மட்டும் வரவில்லை. தப்பியவர்கள் பழைய தொழிற்சாலை ஒன்றில் மாதக்கணக்கில் கிடந்து, பிறகு மாகல்தெனியவில் கட்டிய வீடுகளுக்குப் போனார்கள்.

மாணவியின் பெரியம்மா அங்கே இருக்கிறார். தனி வீடு, சின்னக் காணி, வாசலில் போஞ்சி. நல்ல வீடுதான். அவர் என்னிடம் பழையதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போஞ்சிக்குப் பந்தல் கட்டக் கம்பு பிடித்துக் கொடுத்தேன். சாயங்காலம் மழை இருட்டியது. பெரியம்மா இரண்டு தரம் வெளியே போய் மேலே மலையைப் பார்த்துவிட்டு வந்தார். "மழைன்னா இப்படித்தான் அக்கா, ராத்திரியும் எந்திரிச்சுப் பாக்கும்" என்றாள் மாணவி, பஸ்ஸில்.

மாத அறிக்கையில் "சந்திப்புகள்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் இதை எழுத மனமில்லை. வேறு எந்தக் கட்டமும் பொருந்தவில்லை.

ஜூலை 7. ஞாயிறு. பதுளை

காலை ஆராதனை செயின்ட் மார்க்ஸில். சின்ன ஆலயம், 1857-இல் கட்டியது. கட்டியது யார் நினைவாக என்று கல்வெட்டில் இருக்கிறது: மேஜர் தாமஸ் ரோஜர்ஸ், இந்தப் பகுதியை ஆண்ட வெள்ளைக்கார அதிகாரி. ஆயிரத்து நானூறுக்கும் மேல் யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845-இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். நுவரெலியாவில் இருக்கும் கல்லறையையும் மின்னல் விடவில்லை என்று பக்கத்து இருக்கைப் பெரியவர் பிரசங்கத்துக்கு நடுவிலேயே என் காதில் சொன்னார். யானைப் பக்கம் நின்று பேசுபவர் குரல் அது.

அவரிடம் நான் திருநெல்வேலி என்றதும் கேட்டார்: "அப்ப உபதேசியார் ஊரா?" அவர் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறார். 1854-இல் சி.எம்.எஸ். மிஷனரி சங்கம் தமிழ்க் கூலி மிஷன் என்று ஒன்றைத் தொடங்கியபோது தோட்டங்களுக்கு வந்த முதல் உபதேசியார்கள் திருநெல்வேலிக்காரர்கள். அப்போது தேயிலையே கிடையாது, கோப்பிதான். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டது 1867-இல். அவர்களுக்குப் பேசக் கிடைத்த நேரம் வேலைக்கு இறங்குமுன் பிரட்டுக்களத்திலும், இருட்டியபின் லயத்து வாசலிலும்தான். தொரையின் தயவில் வந்தவர்கள், தொரையைப் பற்றி என்ன பேசியிருக்க முடியும்? எனக்கு அந்தக் கட்டு இல்லை. அதனாலேயே நான் வாயைத் திறக்காத இடங்கள் உறுத்துகின்றன.

சென்ற ஆண்டு, மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைவை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் போனது. ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை. தேசிய கிறிஸ்தவ மன்றமும் முன்னின்று நடத்தியது. காட்டு வழியே நடந்து வந்து வழியிலேயே செத்தவர்களின் பாதை அது. பெரியவர் முழுவதும் நடக்கவில்லை. கடைசி நாள் மாத்தளைக்கு மட்டும் போனாராம்.

ஆகஸ்ட் 18. ஞாயிறு. பசறைப் பக்கம் ஒரு தோட்டம்

நாளை போயா. இரண்டு நாள் லீவு. இது ஊவாத் தேயிலையின் பருவம்: மேற்கே மழை பெய்ய, மலையைத் தாண்டி வறண்ட காற்று இந்தப் பக்கம் இறங்கும். இலை வாடி, அதற்கென்று ஒரு மணம் ஏறும். கொழும்பு ஏலத்தில் விலையும் ஏறும். 1,700 ரூபாய்க்குச் சம்பளம் மட்டும் இன்னும் ஏறவில்லை.

இந்தத் தோட்டத்து மாணவத் தம்பி ஒருவனோடு லுணுகலை பஸ்ஸில் போனேன். பதின்மூன்றாம் கட்டையில் பேச்சு தானாக நின்றது. 2021 மார்ச்சில் பஸ் பள்ளத்தில் விழுந்த இடம்.

தம்பியின் அப்பாயிக்கு எண்பதுக்கு மேல். நான் இந்தியா என்று தெரிந்ததும் என்னை விடவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்து, ஒரு கடிதவுறையை எடுத்தார். அதை அனுப்பியவன் அவருடைய உடன்பிறந்த தம்பி, சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனவன். 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. 3,00,000 பேர் இங்கே. ஒரே காம்பராவில் இருந்த அக்காவும் தம்பியும் இரண்டு கணக்கிலும் விழுந்தார்கள்.

"கோச்சியில ஏத்திவிட்டோம். ஒப்பாரிக் கோச்சின்னு சொல்லுவாங்க. ஸ்டேசன் முழுக்க அழுகதான். தலமன்னாரு போயி கப்பலு."

உறையின் பின்பக்கம் முகவரி பாதி அழிந்திருக்கிறது. டான்டீ என்பது தெரிகிறது, பிறகு நீலகிரி. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அவை. இங்கே கொழுந்து பறித்தவர் அங்கேயும் போய்க் கொழுந்துதான் பறித்திருக்கிறார். டிவிஷன் பெயர் இருந்த இடத்தில் பூச்சி அரித்திருக்கிறது. கடைசிக் கடிதம் 83 கலவரத்துக்கு முந்தியதாம்.

"நீ லீவுல ஊருக்குப் போவல்ல? அப்ப பாத்துட்டு வந்து சொல்லு" என்றார் அப்பாயி, நீலகிரி பாளையங்கோட்டைக்குப் பக்கத்துத் தெரு போல. தூரத்தைச் சொன்னேன். "பஸ்ஸு ஓடுந்தானே?" என்றார்.

ஆகஸ்ட் 19. திங்கள். போயா

உறையை இருபுறமும் போனில் படமெடுத்தேன். பெயர், அப்பா பெயர், புறப்பட்ட தோட்டத்தின் பெயர், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. அப்பாயி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். கோயம்புத்தூரில் ஊழியத்தில் இருக்கும் தோழி ஒருத்தி வார இறுதிகளில் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து மாணவர்களைப் பார்க்கப் போகிறவள். எல்லாவற்றையும் அவளுக்கு அனுப்பிவிட்டேன். இரவே பதில் வந்தது: "சனிக்கிழமை பந்தலூர் போறேன். அங்கே டான்டீ லைன்ல எங்க பையன் ஒருத்தன் வீடு இருக்கு. அவன் தாத்தாகிட்ட முதல்ல கேக்குறேன்."