காணாமையும் இல்லாமையும்

கம்பைநல்லூர், தருமபுரி மாவட்டத்திலுள்ள ஒரு பேரூர். அம்மாவட்டம் பெரும்பாலும் பாறை நிலம். அங்கே மழைநீர் பாறை இடுக்குகளில் ஊறிக் கனிமங்களைக் கரைத்துக்கொண்டு கிணறுகளை அடைகின்றது. அங்ஙனம் கரைந்து வருவனவற்றுள் ஒன்று புளூரைடு. நீரில் கலந்த அதற்கு நிறமும் மணமும் இல்லை. ஆதலின் கண்ணும் நாவும் அந்நீரை நன்னீர் என்றே கூறும். ஆனால் பல்லாண்டு பருகியோரின் பல்லும் எலும்பும் வேறு சான்று பகரும். மிகுதியான புளூரைடு சிறுவர் பற்களில் பழுப்புக் கறை படியச் செய்யும். நாட்பட மூட்டுகளை விறைக்கச் செய்து முதுகை முடக்கும்.

எவ்வளவு மிகுதி? குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீர் கிடையாதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. ஒரு மில்லிகிராம் என்பது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு; பெருங்குவியலாகிய பத்து இலட்சம் நெல்மணிகளுள் ஒரு பதர் போன்றது.

இத்துணைச் சிறு பொருளை அறிதல் எளிதன்று. அமெரிக்க நாட்டிலே மக்கே என்னும் பல் மருத்துவர் 1901-இல் கொலராடோவிற்குச் சென்று பற்கறையைக் கண்டார். பல்லாண்டு அதன் காரணத்தைத் தேடினார். குடிநீரை ஐயுற்றார். ஆய்ந்தோர் நீரில் குற்றம் காணவில்லை. 1931-இல் சர்ச்சில் என்னும் வேதியியலாரின் ஆய்வுக்கூடத்தில் நிறமாலைக் கருவி கொண்டு நுணுகி நோக்கியபோது புளூரைடு வெளிப்பட்டது. முன்னரும் அது நீரில் இருந்தது. அதனைக் காட்டும் சோதனைதான் நிகழவில்லை. 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் வட்டாரத்திலும் இந்நோய் உண்டென்பது வெளியாயிற்று.

விறகு நிறுக்கும் தராசில் ஒரு குன்றிமணியை இட்டால் முள் அசையாது. அதனால் குன்றிமணிக்கு எடையில்லை என்பார் உண்டோ? பொன் நிறுக்கும் தராசு அதனைக் காட்டும். சிறு எடைக்கும் முள் மிகுதியாக நகர்வதே உணர்திறன். ஆனால் அத்தராசின் முள் மூச்சுக்காற்றுக்கும் நடுங்கும். அந்நடுக்கத்தினின்று ஐயமறப் பிரித்தறியத்தக்க மிகச் சிறிய அளவே கண்டறியும் எல்லை. ஆதலின் வேதியியலார் தூய நீரையும் பன்முறை சோதித்து, கருவியின் நடுக்கத்தை முதலில் அளந்துகொள்வர். 1966-இல் வெளிவந்த லாந்தனம் புளூரைடுப் படிக மின்முனை, லிட்டரில் ஏறத்தாழ 0.02 மில்லிகிராம் புளூரைடையும் காட்டவல்லது.

அளவை நூலார் இன்மையை அறிவதற்கும் நெறி வகுத்தனர். விளக்கெரியும் அறையில் குடம் காணப்படாவிடின் குடம் இல்லை எனலாம். இருட்டறையில் அவ்வாறு துணிதல் பிழை. வேதியியலார் நெறியும் இதுவே. ‘இல்லை’ என்று எழுதாது, ‘இவ்வளவிற்கு மேல் காணப்படவில்லை’ என்று எழுதுவதே நேர்மை. அவ்வெல்லை, உடல் பொறுக்கும் அளவினும் மிகத் தாழ்ந்திருத்தல் வேண்டும். இன்றேல் அச்சான்று பயனற்றது.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொணர்ந்தது. மக்கள் துயர் கண்டு பிறந்தது அத்திட்டம். நீரிலே மறைந்திருந்ததை அளந்து காட்டிய அறிவு அதற்கு வழிகாட்டியது. குழந்தைக்கு நீர் முகந்து தரும் தாய் நுண்கருவி எதனையும் அறியாள். அவளுக்காக அளப்பவர், தம் கருவி காணும் எல்லையையும் மறையாது கூறுதல் கடமையாகும்.